நடை தூரத்தில் இருந்த பண்டிகை

கிறிஸ்துமஸுக்கு வட இந்தியாவில் 'படா தின்' என்று பெயர். பெரிய நாள் என்று பொருள். ஆனால் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், ஆண்டின் மிகச் சிறிய பகல்களில் அதுவும் ஒன்று. டிசம்பர் 25-ந் தேதி டில்லியில் சூரியன் காலை ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் மறைந்து விடுகிறது. நடுவே கிடைப்பது பத்தே கால் மணி நேரமும் சில நிமிஷங்களும்தான்.

அதற்குள் கோயிலுக்குப் போய் வர வேண்டும். சமையல் ஆக வேண்டும். சொந்த பந்தங்களைப் பார்க்க வேண்டும். வீட்டு வேலை, கடை வேலை, டிரைவர் வேலை என்று இருப்பவர்கள் அன்றைக்கும் வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு கணக்கே அல்ல. பிழைப்புக்காக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து குடியேறிய குடும்பங்களுக்கோ, பண்டிகையே இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. மனைவி மக்களோடும் உற்றார் உறவினரோடும் ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியுமா, முடியாதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு டில்லியில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நீண்ட காலம் ஒரு பதிலை வைத்திருந்தன. ஜங்புராவை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் அந்தப் பதில்களில் ஒன்று. அந்தக் கேம்ப் இப்போது இல்லை.

ஊருக்குப் போவது எளிதா?

'பண்டிகைக்கு ஊருக்கே போய் வரலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. டில்லிக்கும் சென்னைக்கும் நடுவே ரயில் பாதையின் நீளம் சுமார் 2,180 கிலோமீட்டர். 1929-ல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976-ல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்களை ஏற்றி இறக்கி வருகின்றன. நிஜாமுதீன் நிலையத்திலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறது. நெல்லைச் சீமைக்காரர்களுக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் அது ஊர் வண்டி.

ஆனால் வண்டியில் இரண்டு இரவுகள் கழிய வேண்டும். திரும்பி வர மறுபடியும் இரண்டு இரவுகள். ஊரில் மூன்று நாள் தங்க வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்கு மேல் வேலையை விட்டு விட்டுப் போக வேண்டும். டிசம்பர் மாதத்து மூடுபனியில் வட இந்திய ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கமான சங்கதி. ஆகவே அந்த ஒரு வாரமும் நிச்சயமில்லை.

டிக்கெட் எடுப்பது இன்னொரு பாடு. 2024 நவம்பர் 1 முதல், பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. டிசம்பர் 22-ந் தேதி வண்டிக்கு அக்டோபர் 23-ந் தேதியே பணத்தோடு தயாராக இருக்க வேண்டும். அது தீபாவளியை ஒட்டிய சமயம். கையில் காசு தங்காத சமயம்.

இவ்வளவையும் சமாளித்தாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் குறுக்கே நிற்கும். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸை ஒட்டி விடுமுறை வந்து விடுகிறது. டில்லி அரசுப் பள்ளிகளிலோ குளிர்கால விடுமுறை வழக்கமாக ஜனவரி 1-ந் தேதிதான் தொடங்குகிறது. 15 வரை நீடிக்கிறது. ஊரில் பேரன் பேத்திகளைப் பார்க்கத் தாத்தா பாட்டி காத்திருக்கும் நாட்களில், டில்லிப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குமாஸ்தாவும் தொழிலாளியும்

டில்லிக்கு வந்த தமிழர்களை இரண்டு பெரிய அலைகளாகச் சொல்லலாம். முதல் அலை உத்தியோகஸ்தர்களுடையது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு 1911-ல் வந்தது. அதன் பிறகு மத்திய சர்க்கார் அலுவலகங்களில் குமாஸ்தா, ஸ்டெனோ, கணக்கர் வேலைகளுக்குத் தெற்கேயிருந்து பலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1923-ல் உருவானதுதான் டில்லித் தமிழ்க் கல்விக் கழகம். 1946-ல் டில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது.

மத்திய சர்க்கார் ஊழியருக்குக் கிறிஸ்துமஸ் கட்டாய விடுமுறை நாள். சொந்த ஊர் போய் வர விடுப்புப் பயணச் சலுகையும் இருக்கிறது. குடும்பத்தோடு ஊர் போவதா, டில்லியிலேயே கொண்டாடுவதா என்று தீர்மானிக்க அவருக்குக் கொஞ்சம் இடம் உண்டு.

இரண்டாவது அலை 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் வந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரங்களிலிருந்தும் வேறு மாவட்டங்களிலிருந்தும் நிலமில்லாத குடும்பங்கள் பல, மழை பொய்த்த ஆண்டுகளிலும் கடன் முற்றிய ஆண்டுகளிலும் வண்டியேறின. இவர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை இல்லை. விடுப்பே இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண் ஒரு வாரம் வராவிட்டால், அந்த இடத்தில் இன்னொருவர் வந்து விடுவார்.

ஆண் மட்டும் தனியாகப் புறப்பட்டு வந்து சம்பாதிப்பது பழைய முறை. அப்படி வந்தவனுக்குப் பண்டிகை என்பது ஒரு மணியார்டர். பணம் ஊருக்குப் போய்ச் சேரும். மனிதன் அறையில் தனியே கிடப்பான். குடும்பத்தோடு வந்து தங்கியவர்கள் இந்த முறையை உடைத்தார்கள். ஆனால் குடும்பத்தோடு தங்க வேண்டுமானால், வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூரை வேண்டும்.

வாய்க்கால் கரையில் ஒரு கிராமம்

அந்தக் கூரைகளின் கூட்டம்தான் மதராசி கேம்ப். ஜங்புராவை ஒட்டி, நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகில், பாராபுல்லா வாய்க்காலின் கரையில் அது வளர்ந்தது. தெற்கத்திக்காரர் யாராக இருந்தாலும் வடக்கே 'மதராசி' என்றே அழைத்துப் பழகிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். கடைசிக் காலத்தில் அங்கே 370 வீடுகள் இருந்தன.

பெண்கள் பலர் சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டு வேலை செய்தார்கள். ஆண்கள் கார் ஓட்டினார்கள், கடைகளிலும் கட்டட வேலையிலும் இருந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் நாள் பொதுவாக இரண்டு துண்டாக உடைந்திருக்கும். காலையில் பாத்திரம், துணி, தரை. மாலையில் மறுபடியும் பாத்திரம், சமையல். நடுவே இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். வேலை வீடு நடை தூரத்தில் இருந்தால், அந்த இரண்டு மூன்று மணி நேரம் அவளுடையது. வீட்டுக்கு வந்து உலை வைக்கலாம். பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது எதிரே நிற்கலாம். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து வாங்கிக் கொள்ளலாம். வேலை வீடு பஸ் தூரத்தில் இருந்தாலோ, அந்த நேரம் யாருக்கும் உதவாமல் தெருவோரத்தில் கழியும்.

பொங்கலானாலும் தீபாவளியானாலும் கிறிஸ்துமஸானாலும், ஏழைக் குடும்பத்தின் பண்டிகை இந்த நடு நேரத்தில்தான் உருவாகிறது. அரிசி ஊறுவதும், மாவு இடிப்பதும், எண்ணெய்ச் சட்டி ஏறுவதும் அப்போதுதான். ஒருத்தி பிசைய, இன்னொருத்தி சுட, மூன்றாமவள் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்வாள். பத்து வீட்டுப் பலகாரம் ஒரே அடுப்பில் முடியும். அந்த ஒத்தாசைக்குக் கூலி கிடையாது. அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கை கொடுத்தால் போதும்.

பண்டிகைச் சீட்டும் இந்த அக்கம்பக்கத்தை நம்பியே நடக்கிறது. மாதாமாதம் ஒரு தொகையைக் கட்டி வந்தால், பண்டிகை மாதத்தில் துணியாகவோ ரொக்கமாகவோ மொத்தமாகக் கைக்கு வரும். இதற்குப் பத்திரம் இல்லை, ரசீது இல்லை. தினமும் முகம் பார்த்துக் கொள்கிறவர்கள் என்பதுதான் ஜாமீன்.

மாவு பொங்காத குளிர்

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் சமையலைப் பார்த்தால், அது கேக்கில் தொடங்கிக் கேக்கில் முடிவதல்ல என்பது தெரியும். அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, சுருள் என்று ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். பல வீடுகளில் கிறிஸ்துமஸ் காலைச் சாப்பாடு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். அதிகாலை ஆராதனை முடிந்து, அல்லது நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய் வந்து சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தபின், குடும்பம் முழுவதும் சேர்ந்து உட்காரும் பந்தி அது.

டில்லிக் குளிரில் இந்த இட்லியே ஒரு சோதனை. திருநெல்வேலியில் ஒரே இரவில் பொங்கி வழியும் மாவு, டில்லி டிசம்பரில் மறுநாள் மாலையானாலும் அப்படியே கிடக்கும். ஆகவே 25-ந் தேதி இட்லிக்கு 23-ந் தேதியே மாவு ஆட்டி விடுகிறார்கள். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பங்கரையில் வைக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்கும். வெந்நீரில் வைத்துத்தான் இளக்க வேண்டும். பலகாரத்துக்கு இடித்த அரிசி மாவை உலர்த்த நல்ல வெயில் கிடையாது.

இவையெல்லாம் சில்லறைச் சிரமங்கள்தான். அம்மா மகளுக்கும், மாமியார் மருமகளுக்கும், முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்கும் சொல்லிக் கொடுத்துச் சரி செய்து கொண்டவை. ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பலகாரம் சுட்டு முடிந்ததும் தட்டுகள் புறப்படும். கிறிஸ்தவர் வீட்டுத் தட்டு இந்து வீட்டுக்குப் போவதும், பொங்கலன்று அங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் வருவதும் தமிழ்நாட்டில் புதிதல்ல. கொடுத்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது பழைய மரியாதை. ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் இந்தத் தட்டுகளுக்கு மதிப்பு அதிகம். சொந்தக்காரர் இல்லாத ஊரில் அண்டை வீடே சொந்தமாவது இப்படித்தான்.

பாட்டுப் புத்தகமும் பள்ளிக்கூடமும்

தமிழில் கிறிஸ்தவ வழிபாடு இன்று நேற்று வந்ததல்ல. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறி முடிந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் பாடப்படுகின்றன. ஆகவே தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் எங்கே குடிபெயர்ந்தாலும், பெட்டிக்குள் ஒரு வேதாகமமும் ஒரு பாட்டுப் புத்தகமும் கூடவே போகும்.

டில்லியில் தமிழ் வழிபாடு நடக்கும் ஆலயங்கள் உண்டு. ஊரில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், இங்கே 1970-ல் உருவான வட இந்தியத் திருச்சபையின் ஆலயங்களுக்குப் போகிறார்கள். கத்தோலிக்கருக்குக் கோல் டாக்கானா அருகிலுள்ள திரு இருதயப் பேராலயம் பெரிய கோயில். ஹென்றி மெட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. கிறிஸ்துமஸ் நாளில் கிறிஸ்தவரல்லாத டில்லிவாசிகளும் அதைப் பார்க்கப் பெருங்கூட்டமாக வருகிறார்கள்.

கோயில் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டை வாசிக்கத் தெரிய வேண்டுமே! வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தமிழ் எழுத்துத் தெரியாமல், கிறிஸ்துமஸ் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடும் காட்சி வடக்கே பழகிப் போன ஒன்று. பாட்டியின் வேதாகமம் அந்தப் பிள்ளைக்கு வெறும் கறுப்பு அட்டைப் புத்தகம்.

இந்த விஷயத்தில் மதராசி கேம்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாக்கியம் இருந்தது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு டில்லியில் ஏழு பள்ளிகள் உள்ளன. அவற்றில் லோதி எஸ்டேட் பள்ளி கேம்ப்புக்கு ஓரிரு மைல் தொலைவில் இருந்தது. கேம்ப் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள்; தமிழை ஒரு பாடமாகக் கற்றார்கள். குமாஸ்தாக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, பிற்காலத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்கும் தமிழ் எழுத்தைக் கற்றுக் கொடுத்தது. டில்லித் தமிழரின் இரண்டு அலைகளும் ஒரே வகுப்பறையில் சந்தித்தன என்று சொல்லலாம்.

2025 ஜூன் 1

பாராபுல்லா வாய்க்கால் அடைபட்டு மழைக்காலத்தில் சுற்றுப்புறம் வெள்ளக்காடாவது டில்லியின் நீண்ட காலத் தொல்லை. வாய்க்காலைச் சீரமைக்க, கரையிலுள்ள குடியிருப்பை அகற்ற வேண்டும் என்ற வழக்கில், டில்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9-ந் தேதி உத்தரவிட்டது. ஜூன் 1-ந் தேதி புல்டோசர்கள் வந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த குடியிருப்பு தரைமட்டமானது.

மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவையாக முதலில் 189 குடும்பங்கள் கணக்கிடப்பட்டன. பின்னர் அந்த எண்ணிக்கை 215 ஆனது. அவர்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. மீதிக் குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவி செய்வதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் மறுவாழ்வு கோரித் தமிழ்நாடு முதலமைச்சராயிருந்த மு.க. ஸ்டாலின், டில்லி முதல்வர் ரேகா குப்தாவுக்கு அந்த ஜூன் மாதமே கடிதம் எழுதினார்.

வெள்ளம் வராமல் தடுக்க வேண்டியது அவசியம்தான். வாய்க்கால் கரை வாழ்க்கை சுகமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குடிசையைவிடக் கட்டடம் மேல் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்கு வீடு மட்டும் போதாது. 215 வீடுகள் கிடைத்த கதையும், 155 வீடுகள் கிடைக்காத கதையும் வெறும் எண்களாகத் தோன்றலாம். ஒரே சந்தில் வாழ்ந்த அண்ணனுக்கு நரேலாவில் வீடு, தம்பிக்கு ஒன்றுமில்லை என்றால், அந்தக் குடும்பம் அடுத்த பண்டிகையை எங்கே வைத்துக் கொண்டாடும்?

நள்ளிரவுத் திருப்பலிக்கு எப்படிப் போவது?

ஜங்புராவிலிருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர். நரேலாவுக்கு மெட்ரோ ரயில் அமைக்கும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தப் பாதை வரும் வரையில், பஸ்ஸில் போய்ச் சமய்பூர் பாத்லி நிலையத்தில் மெட்ரோ பிடிப்பதே பலருக்கு வழி. 2019 அக்டோபரில் டில்லி அரசு பஸ்களில் பெண்களுக்கு வந்த இலவசப் பயணம் கைக்காசை மிச்சப்படுத்தியது. நேரத்தை மிச்சப்படுத்த எந்தச் சலுகையாலும் ஆகாது.

டிசம்பர் 24-ந் தேதியை எடுத்துக் கொள்வோம். அது விடுமுறை நாள் அல்ல. நரேலாவில் குடியிருந்துகொண்டு பழைய வேலை வீட்டுக்கே போகிற பெண், விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். நடுப்பகலில் வீட்டுக்கு வர வழியில்லை. மாலை வேலை முடித்து வீடு சேரும்போது இரவு எட்டோ ஒன்பதோ ஆகிவிடும். மாவு ஆட்டுவது எப்போது? முறுக்கு சுடுவது எப்போது? நள்ளிரவுத் திருப்பலிக்காக மறுபடியும் நகருக்குள் போனாலும், கடைசி மெட்ரோ இரவு 11 மணியளவில் போய் விடும். பூசை முடிந்து, பனி கொட்டும் பின்னிரவில், கைக்குழந்தையோடு வீடு திரும்ப என்ன வழி?

பழைய வேலையை விட்டுவிட்டு நரேலாவிலேயே வேலை தேடினால், பழைய சம்பளமும் பழைய நம்பிக்கையும் போய் விடும். பள்ளியும் அப்படித்தான். தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. பிள்ளை அருகிலுள்ள பள்ளிக்கு மாறினால் தமிழ் நின்று விடும். மாறாவிட்டால் தினமும் பயணத்திலேயே களைத்து விடும்.

ஓய்வு நாள் என்ற உரிமை

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. டிசம்பர் 25 முதல் புத்தாண்டு வரை வசதியான வீடுகளில் விருந்துகள் நடக்கும். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அதுதான் வேலை அதிகமான வாரம். கிறிஸ்தவப் பெண் தன் பண்டிகை நாளில், பிறர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துப் பாத்திரங்களைத் தேய்த்துக் கொண்டிருக்க நேர்கிறது.

2011 ஜூனில் ஜெனீவாவில் கூடிய சர்வதேச தொழிலாளர் மாநாடு, வீட்டுப் பணியாளர்களுக்கு வாரந்தோறும் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதை இன்னும் உறுதி செய்யவில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டிலிருந்து வரும் வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு 2013 ஜனவரியில் சட்டமானது. இந்தியாவில் வீட்டுப் பணியாளர்களுக்காகத் தனிச் சட்டம் இயற்றுவது பற்றி ஆராயும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசிடம் கூறியது. சட்டம் வரும்போது வரட்டும். வருஷத்தில் தன் பண்டிகைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பதை, வேலைக்குச் சேரும்போதே பேசி வைத்துக் கொள்வது நல்லது. டிசம்பர் 24-ந் தேதி மாலையில் கேட்டால் கிடைக்காது. அக்டோபரில் கேட்டால் பல வீடுகளில் கிடைக்கும்.

பன்னிரண்டு நாள் பண்டிகை

சிதறிப் போன குடும்பம் மறுபடியும் கூடுவதற்கு ஒரு பொது இடமும் ஒரு பொது நாளும் வேண்டும். இடத்துக்கு முன்னுதாரணங்கள் உண்டு. சிங்கப்பூர் ஆஃபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-ல் எழுந்த லூர்து மாதா ஆலயம் இன்றும் இருக்கிறது. தமிழர்கள் தீவு முழுவதும் அடுக்குமாடி வீடுகளில் பரவிய பிறகும், தமிழ்ப் பூசைக்கு அங்கே வந்து கூடுகிறார்கள். பெங்களூர் சிவாஜி நகர் மரியன்னை ஆலயமும் அப்படிப்பட்ட ஒரு சந்திப்பு இடமே. வீடுகள் தள்ளித் தள்ளிப் போனாலும், கூடும் இடம் மாறாமல் இருந்தால் உறவு தங்குகிறது.

நாளுக்கும் வழி இருக்கிறது. கிறிஸ்துமஸ் ஒரே நாளில் முடிந்து விடுவதல்ல. டிசம்பர் 25 முதல், மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை அதன் காலம் நீள்கிறது. ஆர்மீனியத் திருச்சபை கிறிஸ்து பிறப்பையே ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறது. எத்தியோப்பியாவில் ஜனவரி 7. இந்தியக் கத்தோலிக்கர் மூன்று ராஜாக்கள் திருநாளை ஜனவரியின் முதல் வாரத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் அனுசரிக்கிறார்கள்.

டில்லிப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை தொடங்குவதும் அதே வாரத்தில்தான். அந்த ஞாயிறு பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி இல்லை. பகல் நேரத்தில் பஸ் உண்டு, மெட்ரோ உண்டு. புத்தாண்டு விருந்துகள் முடிந்து, வேலை வீடுகளிலும் நெருக்கடி குறைந்திருக்கும். 25-ந் தேதி அவரவர் இருக்கும் இடத்தில் கோயிலுக்குப் போய்விட்டு, குடும்பச் சாப்பாட்டை இந்த ஞாயிற்றுக்கு வைத்துக் கொண்டால், நரேலாவில் உள்ள அண்ணனும் ஜங்புராப் பக்கம் வாடகை அறையில் உள்ள தம்பியும் ஒரே பந்தியில் உட்கார முடியும். முதல் வருஷம் அண்ணன் வீடு, அடுத்த வருஷம் தம்பி வீடு என்று முறை வைத்துக் கொள்ளலாம். ஆளுக்கு ஒரு பலகாரம் செய்து கொண்டு வந்தால் ஒரே வீட்டின் மீது பாரம் விழாது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், எழுத்துத் தெரிந்த பெரியவர் ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் பிள்ளைகள் முன் விரித்து வைக்கலாம்.

அதற்கு அடுத்த வாரம் பொங்கல். பள்ளி விடுமுறை அப்போதும் முடிந்திருக்காது. பழைய சந்தில் கிறிஸ்துமஸ் தட்டை வாங்கிக் கொண்ட வீடுகள், தட்டைத் திருப்ப வேண்டிய முறை அது. நரேலாவில் ஒரு தெரு, ஜங்புராவில் ஒரு தெரு என்று பிரிந்து கிடந்தாலும், யார் வீட்டில் யாருடைய தட்டு இருக்கிறது என்பதை அந்தப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள்.